காவலுக்கு வைத்த பிள்ளையார்

எங்கள் நகரில் பூங்கா வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே பூங்காவுக்கான பலகை வந்துவிட்டது. மனை பிரித்து விற்றவர் ஒரு மூலையில் கொஞ்சம் இடத்தை ஒதுக்கி, 'சிறுவர் பூங்கா' என்று எழுதிய தகரப் பலகையை நட்டுவிட்டுப் போயிருந்தார். பலகைக்குப் பின்னால் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிய நாட்களில் பூங்கா என்றால் முள்காடு என்றுதான் நான் பொருள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஐந்தாம் வகுப்புக்குப் போன வருடம் நகராட்சிக்குத் திடீரென்று அந்த மூலை ஞாபகம் வந்தது. ஆட்கள் வந்து முள்ளை வெட்டினார்கள். வண்டல் அடித்துப் புல் பதித்தார்கள். சுற்றிலும் புங்கங்கன்றுகள் நட்டு, ஊஞ்சலும் சறுக்கும் வைத்து, குழாயில் தண்ணீரும் விட்டார்கள். சங்கரன்கோவில் வெயிலில் வளர்ந்தவர்களுக்கு அது என்னவென்று சொல்லாமலே புரியும். மழை விழுந்த கொஞ்ச நாட்கள் கரிசலில் பச்சை தெரியும். மற்றபடி எங்கள் கண்ணுக்குக் கிடைத்ததெல்லாம் தறி ஓடும் தெருக்களும் புழுதியும்தான். புல் பிடித்த புதிதில் பெரியவர்கள்கூடச் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காதபோது இரண்டு நடை நடந்து பார்த்தார்கள்.

நகருக்கு மேற்கே ஒரு ஓடை. அதில் தண்ணீர் ஓடி நான் பார்த்ததில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் காலனி. அங்கே ஒரு வீட்டுச் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். நிழலுக்கென்று நின்ற ஒரே வேப்பமரத்தையும் ரோடு போடும்போது வெட்டிவிட்டார்கள். அங்கிருந்த பிள்ளைகள் ஓடையில் இறங்கி ஏறினால் நேரே பூங்காவுக்குள் வந்துவிடலாம். வந்தார்கள். முதல் மாதங்களில் அதை யாரும் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

அப்படி வந்தவர்களில் இசக்கி என் வகுப்புக்காரி. எங்கள் நகரின் பிள்ளைகள் எல்லோரும் வேன் ஏறி ஆங்கிலப் பள்ளிக்கூடங்களுக்குப் போனபோது நான் மட்டும் நகராட்சிப் பள்ளியில் இசக்கியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் என் அத்தை. அத்தை பனவடலிசத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. கவர்மெண்ட் சம்பளம் வாங்குகிறவள் வீட்டுப் பிள்ளை கவர்மெண்ட் பள்ளிக்கூடத்தில்தான் படிக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். அப்பா அவளுடைய தம்பி, அதனால் சரி என்றார்.

மாமா இறந்த பிறகு அத்தை எங்களோடுதான் இருந்தாள். அவளைப்போல் சாமி கும்பிடுகிற ஒருத்தியை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. செவ்வாய், வெள்ளி விரதம், சதுர்த்திக்கு விரதம், ஆடித்தபசுத் திருவிழா வந்துவிட்டால் வீட்டுக்குள் அவளைப் பிடிக்கவே முடியாது. சாமியோடு அவள் பேசும் பேச்சில் மரியாதை கிடையாது. பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டே, "ஏலே பிள்ளையாரே, இந்தப் பயலுக்குக் கொஞ்சம் கணக்கு ஏத்தி விட்டா உனக்கு என்ன குறைஞ்சா போயிரும்?" என்று படத்தைப் பார்த்துக் கேட்பாள். எங்கள் நகரில் எந்த வீட்டில் விளக்குப் பூஜை என்றாலும் முதல் பாட்டு அத்தையுடையது. பக்தியில் அவளுக்கு மேலே ஒருவர் இருப்பதாக யாரும் நினைத்ததில்லை. பின்னால் நடந்ததற்கு அதுவே உதவியாக இருந்தது.

சில மாதங்களில் புல்லைப் பற்றிய பேச்சு ஆரம்பித்தது. வெளிப்பிள்ளைகள் வந்து மிதித்துப் புல் கெட்டுப்போகிறதாம். நகர் நலச் சங்கத்தின் செயலாளர் ஓய்வு பெற்ற அதிகாரி. எல்லோரும் அவரைச் செயலாளர் அண்ணாச்சி என்பார்கள். அவர்தான் வீடு வீடாகப் போய்ப் புல்லுக்காக வருத்தப்பட்டார். நான் அதை அப்படியே நம்பினேன். ஒருநாள் குனிந்து உட்கார்ந்து இசக்கியை நடக்கச் சொல்லிப் பார்த்தேன். பிறகு நானே நடந்து பார்த்தேன். யார் கால் பட்டாலும் புல் ஒரே மாதிரிதான் மடங்கி, ஒரே மாதிரிதான் நிமிர்ந்தது. எனக்குப் பார்க்கத் தெரியவில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

பூங்காவைப் பூட்டிச் சாவியைச் சங்கத்திடம் தர வேண்டும் என்று கேட்டுப் போனார்கள். பொது இடத்தைப் பூட்டக் கூடாது என்று நகராட்சியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கடுத்த கூட்டத்தில்தான் யாருக்கோ அந்த யோசனை தோன்றியிருக்கிறது. பூங்காவில் ஒரு பிள்ளையார் வைத்துவிடலாம்.

செய்தி கேட்டு அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. சிலைக்கான செலவை நானே தருகிறேன் என்று ஓடிப்போய்ச் சொன்னாள். மயிலாடியில் செய்த கற்சிலை லாரியில் வைக்கோல் சுற்றி வந்து இறங்கியது. அத்தை அதன் வயிற்றில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டதும், "வெயில்ல வந்திருக்கான்" என்று சொல்லி முதல் குடம் தண்ணீரைத் தானே ஊற்றியதும் எனக்கு நினைவிருக்கிறது. 'அருள்மிகு பூங்கா விநாயகர்' என்று பெயர் சூட்டினார்கள். அத்தை பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அண்டா நிறையக் கொழுக்கட்டை அவித்தாள். காலனிப் பிள்ளைகளும் அன்று வரிசையில் நின்று வாங்கிப்போனார்கள்.

மறுவாரம் பூங்காவுக்குக் கம்பிக் கதவு வந்தது. கதவில் ஒரு பலகை: 'கோயில் வளாகம். தூய்மை காக்கவும். வெளியாட்களுக்கு அனுமதி இல்லை.' பூங்காவைத்தான் பூட்டக் கூடாது, கோயிலைப் பூட்டலாம். மாலையில் கதவைத் திறந்துவைத்துப் பக்கத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டுச் செயலாளர் அண்ணாச்சி உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த நாள் மாலை நானும் இசக்கியும் பள்ளிப் பையை எங்கள் வீட்டு வாசலில் எறிந்துவிட்டு வழக்கம்போல் ஊஞ்சலுக்கு ஓடினோம். அண்ணாச்சி காலை நீட்டி மறித்தார்.

"ஏட்டி, நீ எந்தத் தெரு?" என்று இசக்கியைக் கேட்டார்.

அவர் முகவரி கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு நானே முந்திப் பதில் சொன்னேன். ஓடையைத் தாண்டி இரண்டாவது சந்து, நீலக் கதவு, வாசலில் ஆட்டுக்குட்டி கட்டியிருக்கும் என்று வழிகூடச் சொன்னேன்.

"நீ உள்ள போ மக்கா. அவ வீட்டுக்குப் போகட்டும்."

இசக்கி லேசில் விடுகிறவள் இல்லை. "நான் விளையாட வரல தாத்தா. சாமி கும்பிடத்தான் வந்தேன்" என்றாள்.

"உங்க தெருவுல சாமி இருக்குல்லா? அங்கன போய்க் கும்பிடு."

இசக்கி அவரையும் என்னையும் ஒரு தடவை பார்த்துவிட்டு ஓடைப் பக்கம் நடந்தாள். ஓடவில்லை. நான் உள்ளே போய் ஊஞ்சலில் உட்கார்ந்தேன். ஆட்டிவிட ஆள் இல்லாமல் ஊஞ்சல் அசையவே இல்லை. அந்த எரிச்சலோடு வீட்டுக்கு வந்து, இனிமேல் யார் எனக்கு ஊஞ்சல் ஆட்டிவிடுவார்கள் என்று அத்தையிடம் அழுதேன். என் கவலை அவ்வளவுதான்.

அத்தை நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். அண்ணாச்சி கேட்ட கேள்வியைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். பிறகு எழுந்துபோய், கதவில் என்ன எழுதியிருக்கிறது என்று தானே வாசித்துவிட்டு வந்தாள். அன்று அவளுக்கு விரத நாள். பழம்கூடச் சாப்பிடாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்பா வேலையிலிருந்து வந்ததும் அடுப்படிப் பக்கம் பேச்சு கேட்டது.

"ஏலே தம்பி, நீயும் கமிட்டியில இருக்கல்லா? உனக்குத் தெரியுமா இது?"

அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே நெடுநேரம் ஆணியைத் தேடினார். "நாலு பேர் சேர்ந்து சொல்லும்போது நான் ஒருத்தன் என்ன செய்யக்கா?"

"நான் கும்பிடுத சாமியைக் கூட்டிட்டு வந்து வாட்ச்மேன் வேலைக்கு நிறுத்திட்டீங்களேலே. அதுவும் என் கையாலயே."

அத்தை அழுது நான் பார்த்தது அப்போதுதான். மாமா இறந்தபோது நான் கைக்குழந்தை. அவள் சத்தம் போட்டு அழவில்லை. மாவு பிசைந்துகொண்டே இருந்தாள், கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. அம்மா அவள் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள்.

மறுநாளே அத்தை செயலாளர் அண்ணாச்சியின் வீட்டுக்குப் போனாள். நானும் ஒட்டிக்கொண்டு போனேன். அவர் மரியாதையான மனிதர். எழுந்து நின்று, "வாங்க டீச்சர்" என்றார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்தாள். காப்பியைத் தொடாமலே அத்தை கேட்டாள்.

"பாதி சிவன், பாதி பெருமாள்னு ஒரே உடம்பா சாமி நிக்க ஊரு அண்ணாச்சி இது. இங்கன இருந்துட்டுப் பிள்ளைகளைப் பிரிச்சு நிறுத்துதீங்களே, நியாயமா?"

"பிரிக்கவா செய்தோம்? சுத்தம் வேணும்லா டீச்சர். கோயில் ஆயிப்போச்சே."

"உங்க பேரன் நேத்து பிள்ளையார் மேடையில காலை நீட்டி உக்காந்து சிப்ஸ் தின்னுட்டுக் கையைச் சாமி துண்டுல துடைச்சான். அது சுத்தமா?"

அண்ணாச்சி சிரித்தார். கோபப்படவே இல்லை. அடுத்த கூட்டத்தில் பேசுவோம் என்றார். அந்தக் கூட்டமும் நடந்தது. தெருவிளக்கைப் பற்றிப் பேசினார்கள்.

அத்தை அதற்குப் பிறகு பூங்காப் பிள்ளையாரிடம் போகவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் இல்லாதது எல்லோருக்கும் உறுத்தியது. பெண்கள் கேட்டபோது, "எனக்கும் அவனுக்கும் ஒரு வழக்கு இருக்கு. முடியட்டும்" என்று மட்டும் சொன்னாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் வீட்டுப் படத்தின் முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தாள். கேட்டுக் கேட்டுப் பதில் வாங்குகிறவளைப்போல் இருக்கும் அவள் முகம்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் சிரித்த முகத்தோடு பூங்காவுக்குப் போய், கூடியிருந்த பெண்களின் முன்னால் அறிவித்தாள். தான் ஒரு நேர்ச்சை நேர்ந்திருப்பதாகவும், வருகிற சதுர்த்திக்குப் பிள்ளையாருக்கு ஒரு மூட்டைத் தேங்காய் சிதறுகாய் போடப்போவதாகவும் சொன்னாள். செயலாளர் அண்ணாச்சிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. டீச்சரின் கோபம் தீர்ந்தது, பிள்ளையாருக்கும் பேர் ஆயிற்று. மைக் செட்டுக்குத் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். நேர்ச்சை எதற்காக என்று கேட்டதற்கு, நடந்த பிறகு சொல்லுகிறேன் என்றாள் அத்தை.

வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம் ஒரே ஒரு வேலை கொடுத்தாள். "இசக்கிட்ட சொல்லு, சதுர்த்தி அன்னைக்குச் சாயங்காலம் சிதறுகாய் இருக்குன்னு. அவ தெருப் பிள்ளைக அத்தனை பேருக்கும் சொல்லச் சொல்லு."

"உள்ள விடமாட்டாங்கல்லா அத்தை?"

"நீ சொல்லு, போதும்."

சிதறுகாய் போடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தத் தேங்காய் உடைத்தவருக்குச் சொந்தமில்லை. கல்லில் மோதிச் சிதறிய மறுநிமிடம் அது யார் கைக்கு எட்டுகிறதோ அவர்களுடையது. முண்டியடித்துப் பொறுக்கப் பிள்ளைகள் வந்தால்தான் அதற்கு அழகு. ஒரு துண்டுகூட மிச்சமில்லாமல் பொறுக்கிப் போனால் நேர்ச்சை சாமியிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இதை வைத்து என்ன செய்யலாம் என்பது அத்தை ஒருத்திக்குத்தான் தோன்றியிருக்கிறது.

சதுர்த்தி அன்று லோடு ஆட்டோவில் தேங்காய் வந்து இறங்கியது. ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு. நகர்ப் பெண்கள் பட்டுச்சேலையில் நின்றார்கள். பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு நிறுத்தியிருந்தார்கள். கம்பிக் கதவு பாதி சாத்தியிருந்தது. அண்ணாச்சி அதற்குப் பக்கத்தில் நின்றார். வேலிக்கு வெளியே, ஓடைக்கரை முழுவதும் காலனிப் பிள்ளைகள். இசக்கி முன்னால் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அத்தை சேலையை இழுத்துச் செருகினாள். முதல் தேங்காயைச் சுற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓங்கி அடித்தாள். அது கல்லில் வெடித்து, தண்ணீர் பிள்ளையார் முகம்வரை தெறித்து, துண்டுகள் புல்லில் போய் விழுந்தன.

யாரும் அசையவில்லை.

எங்கள் நகரின் பிள்ளைகள் கீழே கிடப்பதை எடுத்துப் பழகியவர்கள் இல்லை. ஒருவன் குனியப் பார்த்தான், அவன் அம்மா சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, "சீ, மண்ணுல கிடக்கதையா எடுப்ப?" என்றாள். துண்டுகள் வெள்ளையாகப் புல்லில் கிடந்தன. ஒலிபெருக்கிப் பாட்டும் அந்த நேரம் பார்த்து முடிந்தது. அத்தை கையில் இரண்டாவது தேங்காயோடு அப்படியே நின்றாள்.

"போடுங்க டீச்சர்" என்றார் அண்ணாச்சி.

"பொறுக்க ஆள் இல்லையே அண்ணாச்சி. எப்படிப் போட?"

"பிறகு நம்ம பிள்ளைகளை எடுக்கச் சொல்லுவோம்."

"பொறுக்காம கிடந்தா நேர்ச்சை சேராது. சேராம அந்தரத்துல நின்னா அது என் தலையில மட்டுமா விடியும்? பொறுக்க வந்த பிள்ளைகளை மறிச்சு நின்னவங்க தலையிலயும் விடியும்லா?"

அவள் உரக்கப் பேசவில்லை. ஆனால் எல்லாப் பெண்களின் காதிலும் விழுந்தது. அவர்களுக்குள் ஒரு முணுமுணுப்பு ஓடியது. சிதறுகாய்க்கு வந்தவர்களைத் தடுக்கக் கூடாது என்பது அவர்களும் கேட்டு வளர்ந்ததுதான். அண்ணாச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவருடைய மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் இளைய மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து வீட்டில் இருந்தாள்.

"மாசமான பிள்ளையை வீட்டுல வச்சிருக்கேன். இந்தப் பாவம் எனக்கு வேண்டாம். கதவைத் திறங்க."

அண்ணாச்சி அசையவில்லை. அவளே போய்க் கதவை இரண்டு கையாலும் தள்ளித் திறந்துவிட்டாள்.

அதன் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல என்னால் முடியாது. அத்தை மூட்டையிலிருந்து எடுத்து எடுத்து அடித்தாள். இசக்கி பாய்ந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் ஓடை முழுவதும் எழுந்து வந்ததுபோல் இருந்தது. பிள்ளைகள் புல்லில் விழுந்து புரண்டு, கைக்குக் கீழே கை விட்டு, சிரித்துக்கொண்டே துண்டுகளை அள்ளினார்கள். கொஞ்சநேரம் பொறுத்திருந்த எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் தாங்கவில்லை. முதலில் பாய்ந்தவன் அண்ணாச்சியின் பேரன். எனக்கு ஒரு முழங்கை மூக்கில் இடித்தது. பதிலுக்கு நானும் யாரையோ இடித்தேன். தேங்காய்த் தண்ணீரும் மண்ணும் பூசியபின் எங்களில் யார் எந்தத் தெரு என்று எங்களைப் பெற்றவர்களே தேட வேண்டியிருந்தது. அத்தையின் கொண்டை அவிழ்ந்து, நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து ஓடியது. அடிக்கும் ஒவ்வொரு தேங்காய்க்கும் அவள், "இந்தா வாங்கிக்க, இந்தா வாங்கிக்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதைப் பிள்ளைகளிடம் சொன்னாளா, பிள்ளையாரிடமா, தெரியாது. அவ்வளவு அழகாக அவளை நான் பார்த்ததில்லை.

முடிந்ததும் மைக்கை வாங்கி, தன் நேர்ச்சை இன்னும் பாக்கியிருப்பதாகச் சொன்னாள். இனி வெள்ளிதோறும் சிதறுகாய் உண்டாம். அண்ணாச்சியின் மனைவி உடனே, மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனால் தானும் போடுவதாக அங்கேயே நேர்ந்துகொண்டாள். ஆயிற்று, போட்டாள். அவளைப் பார்த்து வேறு பெண்களும் நேர்ந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் கதவு விரியத் திறந்து கிடந்தது. பொறுக்கி முடித்த பிள்ளைகள் இருட்டும்வரை ஊஞ்சலில் இருந்தார்கள். தேங்காயைத் தின்ன அனுமதித்துவிட்டு ஊஞ்சலிலிருந்து இறக்கிவிட யாருக்கும் கூச்சமாக இருந்திருக்கும். நாலைந்து வீட்டார் தங்கள் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தினார்கள். ஒரு வீட்டார் எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வருவதையே விட்டுவிட்டார்கள். அடுத்த கமிட்டியில் அப்பாவின் பெயர் இல்லை. அவர் அதற்காக வருத்தப்பட்டதுபோலத் தெரியவில்லை.

நான் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்திருந்தேன். அத்தையும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, சிதறுகாய் முடிந்து நாங்கள் திரும்பும்போது இசக்கியின் அம்மா ஓடைக்கரையில் நின்றாள். தறிக்கூடத்திலிருந்து நேரே வந்திருந்தாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. இசக்கியை அழைத்துப்போக வந்தவள் அத்தையைப் பார்த்ததும் பேசினாள்.

"டீச்சர், நீங்க செய்தது பெரிய காரியம். நான் இல்லைன்னு சொல்லல. ஆனா ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடக் கூடாது."

"கேளும்மா."

"எம்பிள்ளை உள்ள வரணும்னா தேங்கா பொறுக்கத்தான் வரணுமா? அந்த முள்ளை வெட்டுனது இவளைப் பெத்த அய்யா. குழி தோண்டிக் கன்னு வச்சதும் அவருதான். தேங்கா இல்லாத நாள்ல வந்தா விடுவாங்களா டீச்சர்?"

எதற்கும் பதில் வைத்திருக்கிறவள் அத்தை, சாமியிடமே தோற்காதவள். கோபம் வந்துவிட்டதோ என்று நான் பயந்தேன். அவள் இசக்கி அம்மாவின் கையைப் பிடித்து, "நீ எப்ப வேலை முடிஞ்சு வருவ?" என்று கேட்டாள். அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை என்று பேசிக்கொண்டார்கள்.

செவ்வாய் மாலை ஓடைக்கரையில் அவர்கள் சந்தித்தார்கள். இசக்கியின் அம்மா குளித்துத் தலைவாரி, பூ வைத்து, பத்திரப்படுத்தி வைத்திருந்த ஊதாச் சேலையைக் கட்டியிருந்தாள். முன்னால் அவர்கள் இருவரும், பின்னால் நானும் இசக்கியும் பூங்காவுக்கு நடந்தோம். அண்ணாச்சி நாற்காலியில் இருந்தார். அத்தையின் கைகளைப் பார்த்தார். இரண்டும் வெறுங்கை.

"டீச்சர், இன்னைக்கு வெள்ளிக்கிழமை இல்லையே?"

"இல்ல அண்ணாச்சி. செவ்வாய்க்கிழமை."

"என்ன விசேஷம்?"

"விசேஷம் ஒண்ணும் இல்ல. அதான் வந்தோம்."

அவர் எழுந்தார். இசக்கியின் அம்மாவைப் பார்த்து ஏதோ கேட்கத் தயாரானார். அத்தை இசக்கி அம்மாவின் தோளோடு தோளாக நெருங்கி நின்றாள். அந்தச் சமயம் பூங்காவின் நடுவிலிருந்து அண்ணாச்சியின் பேரன் கத்தினான்.

"ஏ இசக்கி! வாட்டி சீக்கிரம்! எங்க பக்கம் ஆள் குறையுது!"

இசக்கி அவருடைய கைக்குக் கீழே புகுந்து ஓடிவிட்டாள். பேரன் அவளை இழுத்துத் தன் பக்கம் நிறுத்திக்கொண்டான். அண்ணாச்சி கொஞ்சநேரம் அங்கேயே பார்த்தார். பிறகு நாற்காலியை ஓரமாக நகர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இசக்கியின் அம்மா உள்ளே நடந்தாள்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வருட மழைக்காலத்துக்குப் பிறகு கதவைப் பூட்டி நான் பார்க்கவில்லை. அண்ணாச்சி எதையும் மாற்றிக்கொண்டதாக ஒருபோதும் சொன்னதில்லை. அவர் உட்காருமிடம் மட்டும் கதவிலிருந்து மெல்ல மெல்ல நகர்ந்து, கடைசியில் அவர் வீட்டுத் தாழ்வாரத்துக்கே போய்விட்டது. புங்கமரங்கள் வளர்ந்து நிழல் கட்டிய பிறகு தறி ஓட்டுகிறவர்கள் மதியச் சாப்பாட்டை அங்கே கொண்டுவந்து சாப்பிட்டார்கள். அத்தை ஓய்வு பெற்ற பிறகும் வெள்ளிக்கிழமைத் தேங்காயை நிறுத்தவில்லை. அது தனக்கும் பிள்ளையாருக்கும் உள்ளது என்றாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை இசக்கியின் அம்மா பிள்ளையாரிடம் போகவில்லை. சிமெண்ட் பெஞ்சிலும் உட்காரவில்லை. புல்லின் நடுவில் போய், சேலையை ஒதுக்கி, சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அத்தை அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இசக்கியின் அம்மா முதுகை நிமிர்த்தி, கையைப் புல்லில் ஊன்றி, நாலாபக்கமும் மெதுவாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விளையாடிவிட்டு வந்தேன், அப்படியே இருந்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், அப்படியே இருந்தார்கள். ஊஞ்சல் ஆடாமல், சாமி கும்பிடாமல், பேசக்கூடச் செய்யாமல் ஒரு சாயங்காலம் முழுவதையும் பெரியவர்கள் இப்படி வீணாக்குகிறார்களே என்று எனக்குச் சலிப்பாக இருந்தது.

தெருவிளக்கு எரிந்ததும் இசக்கியின் அம்மா எழுந்தாள். சேலையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிடாமலே மகளைக் கூப்பிட்டாள்.

"நாளைக்கும் வருவியாம்மா?" என்று கேட்டாள் அத்தை.

இசக்கியின் அம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு முகம் முழுவதும் சிரிப்பு வந்தது. "தெரியல டீச்சர். எனக்குத் தோணுனா வாரேன்."

அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வந்து, முந்தானையால் துடைத்துக்கொண்டு, மறுபடியும் சிரித்தாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், "தோணுனா வாரேன்னு சொல்லிட்டாட்டி" என்று என்னிடம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை. தோன்றினால் பூங்காவுக்குப் போவது, தோன்றாவிட்டால் வீட்டில் இருப்பது, எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்து நடந்தேன்.